அணியமும் ஆளும்



படகின் முன்பக்கத்தைக் கரையோரத்தில் அணியம் என்போம். அதே சொல்லுக்கு ஆயத்தம் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. அணியமாக இருப்பதென்றால் புறப்படத் தயாராக இருப்பது. இன்றைய உரைக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாட்டின் கடற்படைக்கு ஆள் குறைந்தால் அதன் அணியம் என்னவாகும், அந்தக் குறையின் விலையை யாழ்ப்பாணக் கரையில் யார் கொடுத்தார்கள் என்பதே என் பொருள். நான் படைத்துறை அறிஞன் அல்லன், புவியியல் கற்பித்தவன். ஆனால் காரைநகரில் பிறந்து வளர்ந்தவனுக்கு நேவியைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தின் பெயர் ‘எலார’. எல்லாள மன்னனின் பெயர் அது. கொழும்புக்கு வடக்கே வெலிசறையில் இருக்கும் தளத்துக்குக் ‘கெமுனு’ என்று பெயர். போரில் எதிரெதிரே நின்ற இரு மன்னர்களும் ஒரே படையின் இரு தளங்களாக இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஏதோ ஒரு நல்லெண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள் என்று நான் இன்றும் நம்புகிறேன். அந்த எண்ணம் ஆட்சேர்ப்புப் பதிவேடு வரை போய்ச் சேரவில்லை.

1938ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை கொழும்பில் தோன்றியது. இன்றைய கடற்படையின் வித்து அதுதான். சிறு எண்ணிக்கையிலான தொண்டர்களோடு, பிரித்தானிய அதிகாரியின் தலைமையில் அது நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையல்களும் மாலுமிகளும். ஒரு கடற்படைக்கு வேண்டிய முதல் மூலதனம் அந்த வேளையில் இந்தத் தீவில் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சோளகத்தையும் வாடையையும் கொண்டலையும் கச்சானையும் நாட்காட்டி பாராமலே அறிந்தவர்கள், பாரும் சுழியும் எங்கே என்று இருட்டில் சொல்லக்கூடியவர்கள், வங்காள விரிகுடாவின் மறுகரைக்குப் பாய்விரித்துப் போய்வந்தவர்கள் இங்கே இருந்தார்கள். கடற்படை அவர்களைத் தேடி வரவில்லை. அவர்களும் அதை நாடவில்லை.

1950 டிசம்பர் 9இல் இலங்கை அரச கடற்படை முறையாக அமைந்தது. ‘விஜய’ முதற்கப்பல். வடக்குக் கடலில் அதற்குக் கிடைத்த முதன்மையான வேலை இந்தியக் கரையிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் தடுப்பது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் மலையகத் தமிழர் மீது வீசப்பட்ட காலம் அது. ஆக, எங்கள் கடலில் கடற்படை முதன்முதல் எதிர்ப்பட்டது காவல்காரனாகவே. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் சொந்தமும் வியாபாரமும் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் கடத்தல்காரரானார்கள். இதில் எல்லாரும் அப்பாவிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடலோடியைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கப் பழகிய ஒரு படை, அவனிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது.

இனி 1962க்கு வருகிறேன். அவ்வாண்டு ஜனவரி 27ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்கப் போட்ட திட்டம் அம்பலமானது. படை, பொலிஸ் அதிகாரிகள் பலர் பிடிபட்டனர். ஓய்வுபெற்றிருந்த முன்னாள் கடற்படைத் தளபதி றொய்ஸ் டி மெல்லின் பெயரும் அதில் அடிபட்டது. அரசுக்குப் படைகள்மீது நம்பிக்கை போயிற்று. கடற்படை பெரிய விலை கொடுத்தது. கப்பல்கள் விற்கப்பட்டன, இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவது நின்றது, தளங்களும் குடியிருப்புகளும் கைமாறின. எல்லாவற்றிலும் கொடியது, அதிகாரி மாணவர்களையும் மாலுமிகளையும் சேர்ப்பது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தப்பட்டது. பெரிய கப்பலென்று சொல்லக்கூடியதாகக் ‘கஜபாகு’ ஒன்றே எஞ்சியது. 1960 முதல் 1970 வரை அந்தப் படைக்குத் தளபதியாக இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். ராஜன் கதிர்காமர், பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் தமையன். தம் படை கண்முன்னே வற்றிப்போவதைப் பத்தாண்டு பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் வாழ்க்கையை எங்கள் மாணவர் யாராவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஏழாண்டு ஆட்சேர்ப்பு நிறுத்தம் என்றால் என்ன? கப்பலை விற்றால் பிறகு இன்னொன்று வாங்கலாம். 1972இல் சீனா ஷங்காய் வகைப் பீரங்கிப் படகுகளைக் கொடுத்தது. அந்த ஓட்டை அவ்வளவில் அடைபட்டது. ஆளின் கணக்கு வேறு. ஓர் இளைஞனைச் சேர்த்து, இயந்திர அறையில் தனியே விடக்கூடிய ஆளாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். சத்தத்தைக் கேட்டே எந்தப் பம்பு தடுமாறுகிறது என்று சொல்லும் மூத்த ஆளாக அவன் வளர்வதற்குப் பத்தாண்டு வேண்டும். அந்த மூத்த ஆளிடமிருந்துதான் அடுத்த இளைஞன் கற்பான். 1963இல் இருபது வயதில் சேர்ந்திருக்க வேண்டியவன் 1983இல் நாற்பது வயதில் ஒரு படகையோ இயந்திர அறையையோ பொறுப்பெடுத்து நடத்திக்கொண்டிருப்பான். அவன் சேர்க்கப்படவே இல்லை. போர் மூண்டபோது அந்தப் படையின் நடுவயது வெறுமையாக இருந்தது என்பது இந்தக் கணக்கிலிருந்து நானாகக் கண்டுகொண்டது. ஆட்குறை அன்றைக்கே தெரியாமல், இருபது வருடம் கழித்து வேறொரு தலைமுறையின் தலையில் விழுகிறது.

முதல் அடி 1971 ஏப்ரலில் விழுந்தது. ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது மாலுமிகளைத் தரைச் சண்டைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தீவைச் சுற்றிக் காவல் செய்ய இந்தியக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. சுதந்திரமடைந்து இருபத்து மூன்று ஆண்டுகளில், கடலால் சூழப்பட்ட ஒரு நாடு தன் கடலைப் பார்க்க அயலாரை அழைத்தது.

அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இன்னொன்று நடந்துவிட்டது. அனுமதியற்ற குடிவரவைத் தடுக்கக் கடற்படைக்குத் துணையாக 1952இல் தொடங்கிய தரைப்படை நடவடிக்கை, 1963இல் விரிவாக்கப்பட்டு ஒரு நிரந்தரப் பணிப்படையாயிற்று. 1981 வரை அது நீடித்தது. கடலில் பார்க்க வேண்டியதைக் கரையில் நின்று பார்ப்பது அதன் வேலை. 1963 என்ற ஆண்டைக் கவனியுங்கள். கடற்படைக்கு ஆட்சேர்ப்பு நின்றுபோன அதே காலத்தில் கரையில் தரைப்படை பெருகியது. இது தற்செயலாக இருக்கலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் ஆள் குறைந்த இடத்தை அரசு கரையில் ஆள் வைத்து நிரப்பியது. கடலைக் காவல்செய்ய முடியாதவர்கள் கடலுக்குப் போகிறவனைக் காவல்செய்யத் தொடங்கினார்கள். வல்வெட்டித்துறையிலும் மாதகலிலும் தொண்டைமானாற்றிலும் பிறகு வந்த சோதனை, சுற்றிவளைப்பு, பாஸ், இரவுத் தடை, இத்தனை குதிரைவலுவுக்கு மேல் எஞ்சின் கூடாது என்ற கட்டளை, எல்லாவற்றுக்கும் வேரை நான் அந்த ஆண்டுகளில் காண்கிறேன்.

போர்க்காலத்தை விரித்துப் பேச நான் இங்கே வரவில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையையும், 1993 ஜனவரி 2இல் கிளாலிக் கடனீரேரியில் நடந்த படுகொலையையும் இந்த மண்டபத்தில் இருக்கும் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றை ஆட்பற்றாக்குறையின் விளைவென்று சொன்னால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. அவை மனிதர் தெரிந்தே செய்தவை. என் பேச்சின் தர்க்கத்துக்குள் அவற்றை நான் அடைக்கமாட்டேன். 1938இல் அன்னபூரணியை ஓட்டிய கரையின் கடலறிவு 1980களில் எந்தப் பக்கம் போயிற்று என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். போர் கடற்படையைப் பெருக்கியது. பெருகியவர்கள் எல்லாரும் கடலோடிகள் அல்லர். தீவகம் கடற்படையின் கையில் இருந்தது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் சந்திக்குச் சந்தி நீலச் சீருடை நின்றது; அவர்கள் துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். தரைக்காவலுக்கென்றே கடற்படைக்குள் ஒரு பிரிவு வளர்ந்தது. 2009க்குப் பிறகு அந்தத் தொகையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கள் ஊர்க் கடற்கோட்டையில், ஒல்லாந்தர் ‘ஹமன்ஹீல்’ என்று அழைத்த கோட்டையில், கடற்படை உல்லாச விடுதி நடத்துகிறது. அங்கே பணிபுரியும் பிள்ளைகள் மரியாதையானவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் சீருடை அணிந்தவர்களின் தொகை, கடலில் இறங்கத்தக்கவர்களின் தொகை ஆகாது. கரையில் மிகையும் கடலில் குறையும் ஒரே படையில் ஒரே நாளில் இருக்கமுடியும்.

கடலில் குறை என்றால் என்னவென்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன். கப்பல் இரவுபகலாக ஓடும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் மூன்று முறைக்காரர் வேண்டும்: ஒருவர் காவலில், ஒருவர் பராமரிப்பிலோ பயிற்சியிலோ, ஒருவர் தூக்கத்தில். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது தூக்கம். அதன்பின் பயிற்சி, அதன்பின் பராமரிப்பு. கப்பல் மட்டும் வெளியே வழமைபோல் ஓடிக்கொண்டிருக்கும். உலகின் மிக வலிமையான கடற்படைக்கே இது நடந்தது. 2017 ஜூனில் அமெரிக்காவின் ‘பிற்ஸ்ஜெரால்ட்’ ஜப்பானுக்கு அருகில் சரக்குக் கப்பலொன்றோடு மோதி 7 பேரும், ஆகஸ்டில் ‘ஜோன் எஸ். மக்கெய்ன்’ சிங்கப்பூருக்கு அருகில் எண்ணெய்க் கப்பலொன்றோடு மோதி 10 பேரும் இறந்தார்கள். ராடர் இருந்தது, கணினி இருந்தது. களைப்பும் பயிற்சிக் குறைவும் ஆட்குறையும் காரணங்களாக எழுதப்பட்டன. மாலுமிகள் வாரத்துக்கு 108 மணிநேரம் வேலை செய்ததாக அந்தக் கடற்படையின் ஆய்வொன்றே சொல்லியிருந்தது. வாரத்துக்கு இருப்பதே 168 மணிநேரம். 2024இல் அதே நாடு, ஓட்ட ஆளில்லாத காரணத்தால் 17 துணைக் கப்பல்களைக் கட்டிவைக்க முடிவுசெய்தது.

எங்கள் நாட்டுக்குத் திரும்புவோம். 2023 ஜனவரியில், இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த தரைப்படையை 2030க்குள் ஓர் இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது. கடற்படைக்கு 40,000 என்ற இலக்கு பின்னர் சொல்லப்பட்டது. கடனில் மூழ்கிய நாட்டில் இது தேவையானது. வடக்கில் வாழும் நாங்கள் படைகுறைப்பை வரவேற்காமல் வேறு யார் வரவேற்பது? நானும் வரவேற்கிறேன். என் கேள்வி, யாரைக் குறைப்பது என்பது பற்றியது. 22 ஆண்டுச் சேவையோடு ஓய்வூதியம் பெற்று விலகுவது இங்கே வழமை. போரின் இறுதிக் கட்டத்தில், 2006க்கும் 2009க்கும் இடையே சேர்ந்தவர்கள் 2028 முதல் 2031 வரை வெளியேறுவார்கள். உண்மையாகவே கடலில் வேலை பழகிய கடைசிப் பெருந்தலைமுறை அது. புதிய ஆட்களைக் குறைத்துச் சேர்ப்பதும், பழகியவர்கள் வெளியேறுவதும் ஒரே வேளையில் நடக்கப்போகின்றன. இயந்திரம் தெரிந்தவனுக்கு வளைகுடாவிலும் வணிகக் கப்பலிலும் பல மடங்கு சம்பளம் கிடைக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு யார் யாரைத் தடுத்து நிறுத்துவது? 1962இல் கோபத்தில் செய்ததை 2030இல் சிக்கனத்தின் பெயரால் திரும்பச் செய்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். கப்பல்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. 2018இல் அமெரிக்கா ஒரு பெரிய காவற்கப்பலைக் கொடுத்தது. அதற்கும் இங்கே கஜபாகு என்றே பெயர் வைத்தார்கள். பழைய நாட்டில் அதில் 160க்கும் மேற்பட்டோர் பணியாற்றினார்கள். சும்மா கிடைத்த கப்பலுக்கு ஆள் சும்மா கிடைக்காது.

இது ஏதோ கொழும்பு அமைச்சின் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். திங்கள், புதன், சனி இரவுகளில் வடமராட்சிக் கரையில் நின்று பாருங்கள். இந்திய றோலர்களின் விளக்குகள் ஊர் திரண்டு வந்ததுபோல் தெரியும். எங்கள் வலைகள் அறுந்துபோகின்றன, கடலடி உழுபட்டுப்போகிறது. இழுவைமடித் தொழிலை எங்கள் நாட்டுச் சட்டம் 2017இல் முற்றாகத் தடைசெய்தது. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர் கைதானார்கள். கைப்பற்றிய றோலர்கள் மயிலிட்டித் துறைமுகத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. 1990இல் இடம்பெயர்ந்து, 2017 ஜூலையில்தான் அந்தத் துறைமுகத்தை மீளப் பெற்ற சனம், அதற்குள் தம் வள்ளத்தைக் கட்ட இடம் தேடுகிறது. அப்படியிருந்தும் வருகிற றோலர்களுக்குக் குறைவில்லை. சங்கக் கூட்டங்களில் இப்போது ஒலிக்கும் குரல் என்ன? “நேவி ஏன் வரேல்லை?” நேவியின் எஞ்சின் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கரையில், அதே பெண்கள் கேட்கிறார்கள். என் வாழ்நாளில் இப்படியொரு கேள்வியைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு வாடைக்கால இரவில், அலை எழும்பும்போது, றோலரின் தளத்துக்குப் பாய்ந்து ஏறுவது என்ன வேலை என்று யோசியுங்கள். 2024 ஜூனில் றோலரைப் பிடிக்கும் நடவடிக்கையொன்றில் ஒரு கடற்படை வீரர் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 1ஆம் திகதி, நெடுந்தீவுக் கடலில் கடற்படைப் படகோடு மோதுண்ட படகிலிருந்த ஒரு தமிழ்நாட்டு மீனவர் இறந்தார். இரு வீட்டிலும் அழுகை ஒன்றுதான். அந்த இருட்டில் ஒருவர் சிங்களத்தில் கத்துகிறார், மற்றவர் தமிழில் கத்துகிறார். எஞ்சினை நிறுத்து என்று சொன்னதை மற்றவர் எப்படி விளங்கிக்கொள்வார்? ஒருமுறை எங்கள் ஊர் இறங்குதுறையில் ஓர் இளம் மாலுமி, தென்பகுதிப் பெடியன், என்னிடம் வந்து, “வலையை வெட்டாதே, நில்” என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, உள்ளங்கையில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு போனான். அவனை நான் அடிக்கடி நினைக்கிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு படகிலும் இருப்பதும் அணியத்தின் ஒரு பகுதிதான். தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாக இருக்கிறது; அது பாக்கு நீரிணைப் படகுத் தளத்துக்கு இன்னும் போய்ச்சேர வேண்டும்.

அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளைக் கடற்படையில் சேரச் சொல்கிறேனா? கடலுக்குப் போன மகன் திரும்பாத வீட்டில் நின்று அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நான் கேட்பது வேறு. 2009இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் கரையோரக் காவல் திணைக்களம் என்று ஒன்று உண்டாயிற்று. அது 2010 முதல் இயங்குகிறது. உயிர்காத்தலும் கடல்வளம் காத்தலும் அதன் கடமைகளில் அடங்கும். அதற்குரிய ஆட்களையும் பெரும்பாலும் கடற்படையிலிருந்தே எடுத்தார்கள். ஆள் குறைந்த பானையிலிருந்தே இன்னொரு பானைக்கு மொண்டார்கள். அந்தத் திணைக்களம் வடகரையில் தமிழிலேயே விண்ணப்பம் கோரி, தமிழிலேயே பயிற்சி கொடுத்து, பாரும் காற்றும் தெரிந்தவர்களை அவர்களின் ஊர்த்துறையிலேயே பணிக்கு வைக்கட்டும். பிரித்தானியாவில் 1824 முதல் உயிர்காப்புப் படகுகளை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. அதன் படகோட்டிகளில் பெரும்பாலோர் அந்தந்தத் துறையில் வாழும் தொண்டர்கள். அழைப்பு வந்தால் வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் ஓடிவருகிறார்கள். பருத்தித்துறையிலும் குருநகரிலும் அப்படி ஓடிவர ஆளில்லையா?

2022 டிசம்பர் 18ஆம் திகதி வெற்றிலைக்கேணிக்கு அப்பால் எஞ்சின் பழுதான ஒரு படகு மிதந்துகொண்டிருந்தது. அதில் 104 ரோகிங்யா மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக. கடற்படை அவர்களை மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. மெச்சத்தக்க வேலை; அதைச் செய்தவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன். படகை முதலில் கண்டு கரைக்குத் தகவல் சொன்னவர்கள் எங்கள் மீனவர்கள். வலை போடப் போயிருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை, அன்று அவர்கள் இழந்த தொழிலுக்கு யாரும் கணக்கு வைக்கவும் இல்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள்.